சோழர் செப்புத் திருமேனிகள்: சமயமும் அரசும் வடித்த கலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அழகுக்காகப் பார்க்கிறோம். அந்த அழகை யார் தீர்மானித்தார்கள், யார் செலவு செய்தார்கள், சிற்பியின் கையில் மிஞ்சியது எவ்வளவு என்பவை அடுத்து எழும் கேள்விகள். விடைகள் ஆகமத்திலும் கல்வெட்டிலும் பட்டறையிலும் சிதறிக் கிடக்கின்றன.

கருவறையில் கல்லில் மூலவர் இருக்கும்போது செம்பில் இன்னொரு திருமேனி எதற்கு?

மூலவர் நகர மாட்டார். ஆனால் விழா என்றால் சாமி வீதிக்கு வரவேண்டும். கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களும் நோயாளிகளும் முதியவர்களும் சாமியைப் பார்ப்பது அன்றுதான். தூக்கிச் செல்லக்கூடியதாகவும், பாலும் சந்தனமும் ஊற்றினால் கெடாததாகவும் ஒரு வடிவம் வேண்டும். செம்பு அதற்கு ஏற்றது.

பீடத்தைப் பாருங்கள். பக்கங்களில் வளையங்களோ, கழி நுழைக்கும் துளைகளோ இருக்கும். திருமேனியின் பின்னால் நிற்கும் வளைவான திருவாசியைச் செருகவும் இடம் விட்டிருப்பார்கள். எந்த அருங்காட்சியகத்தில் இருந்தாலும் அது உலாவுக்காக வார்த்த திருமேனி என்பதற்கு அந்தத் துளைகளே சாட்சி. விழாக்கள் பெருகப் பெருக உருவங்களும் பெருகின. பிட்சாடனர், சோமாஸ்கந்தர், ரிஷபவாகனர், சந்திரசேகரர் எனச் சிவனின் ஒவ்வொரு வடிவுக்கும் உரிய நாள் உண்டு. ஒரு கோயிலில் எத்தனை செப்புத் திருமேனிகள் இருந்தன என்று தெரிந்தால், அந்தக் கோயிலால் எத்தனை விழா நடத்த முடிந்தது என்பதை ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

அப்படியானால் இதைக் ‘கலை’ என்று சொல்வது சரியா?

சொல்லலாம். ஆனால் நாம் இன்று பார்ப்பது அவர்கள் பார்த்ததல்ல. வீதியில் வந்த சாமி பட்டுக்குள்ளும் மாலைக்குள்ளும் நகைக்குள்ளும் இருந்தது. முகமும் கைகளும் பாதமும்தான் வெளியே தெரியும். இடையின் வளைவும், முதுகின் நெளிவும், தொடையைச் சுற்றிய ஆடையின் மடிப்பும் அபிஷேகம் செய்பவரின் கண்ணில் மட்டுமே பட்டவை. ஆனாலும் முதுகுப் பக்கத்தை யாரும் அரைகுறையாக விடவில்லை. பார்வையாளர் யார் என்பதில் அந்தச் சிற்பிக்கும் நமக்கும் கருத்து வேறு.

அளவெல்லாம் ஆகமத்தில் இருந்ததாமே? சிற்பிக்கு என்னதான் சுதந்திரம்?

உயரத்தைப் பகுக்கும் முறை தாலம் எனப்படும். ஒரு தாலம் 12 அங்குலம். இந்த அங்குலம் நம் அடிக்கோலின் அங்குலம் அல்ல. திருமேனி எத்தனை பெரிதானாலும் அதன் மொத்த உயரத்தைப் பகுத்துக் கிடைக்கும் ஒரு கூறு. சிவன், திருமால், பிரமன் ஆகியோருக்கு உத்தம தசதாலம், அதாவது பத்துத் தாலத்தின் மேல்நிலை, 124 கூறு. தேவியர்க்கு மத்திம தசதாலம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம் போதும்.

124 கூறுகள் பிரிபடும் ஒரு வழக்கு இது: தலையுச்சி 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 13½, மார்பிலிருந்து உந்தி 13½, உந்தியிலிருந்து அடிவயிற்றின் முடிவு 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டிப் பார்த்தால் ஒரு நயம் தெரியும்: எல்லாப் பெரிய உறுப்புகளும் முகத்தின் அளவோ அதன் இரட்டிப்போதான்.

இதைப் பட்டறையில் நூலைப் புரட்டிக்கொண்டு செய்வதில்லை. திருமேனியின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, கணக்குப்படி மடித்துக்கொள்வார்கள். இதற்கு ஒடியோலை என்று பெயர். அந்தத் திருமேனிக்கு அந்த ஓலைதான் அளவுகோல்.

எனில் எல்லாச் சிவனும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே? இல்லை. நூல் நீளத்தைச் சொல்கிறது, சதையைச் சொல்லவில்லை. இடுப்பை எத்தனை கூறு ஒடிப்பது என்று வகுக்கலாம். ஒடிந்த இடுப்பின் மேல் வயிறு எப்படித் தளரும் என்பதை வகுக்க முடியாது. திருவெண்காட்டு ரிஷபவாகனர் இதற்கு நல்ல பாடம். இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1011-இல் எழுந்தருளுவித்தது. இல்லாத காளையின் மேல் ஒரு கை சாய்ந்திருக்கிறது. விரல்கள் தொங்கும் தளர்ச்சியில் காளை தெரிந்துவிடுகிறது. தலையில் சடையைப் பாம்புகளோடு தலைப்பாகையாகச் சுற்றிய விதமும் அப்படியே. அளவு பிசகவில்லை, ஆனால் வேறு எந்தச் சிவனும் அப்படி நிற்பதில்லை.

எப்படி வார்த்தார்கள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

மெழுகு வார்ப்பு முறை. சுவாமிமலையில் இன்றும் இதே வழிதான்.

முதலில் மெழுகு. தேன்மெழுகு 4 பங்கு, குங்கிலியம் 4 பங்கு, கடலை எண்ணெய் 1 பங்கு எனச் சேர்த்து உருக்கி வடிகட்டுவார்கள். குங்கிலியம் விறைப்புக்கு, எண்ணெய் நெகிழ்வுக்கு. (கடலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். ஆகவே சோழர் காலப் பட்டறையில் வேறு எண்ணெய்தான் இருந்திருக்க வேண்டும். ‘ஆயிரம் ஆண்டாக மாறாத முறை’ என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.) தலை, உடல், கை, கால், பீடம் எனத் தனித்தனியாகப் பிடித்து, சூடான கரண்டியால் ஒட்டி, ஒடியோலையோடு ஒப்பிட்டு, பிறகு நகையும் ஆடையும் சேர்ப்பார்கள். உலோகம் இறங்கவும் காற்று வெளியேறவும் மெழுகுக் குச்சிகளை இப்போதே வைத்துவிட வேண்டும்.

அடுத்து மண். முதல் பூச்சு மிக நைசான காவிரி வண்டல். மெழுகின் மேல் கீறிய ஒவ்வொரு கோட்டையும் இதுதான் பிடித்து வைக்கும். அதனால் சில மில்லிமீட்டர் கனத்தில், குமிழி விழாமல் தடவி, நிழலில் உலர்த்துவார்கள். அதன் மேல் வயல் களிமண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சுகள். பெரிய திருமேனியென்றால் இரும்புக் கம்பியால் கட்டி இறுக்குவார்கள்.

மண் பூசிய இந்த அச்சுக்குக் கரு என்று பெயர். பிறகு வறட்டித் தீயில் கருவைச் சுட, மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே திருமேனியின் வடிவில் வெற்றிடம் நிற்கும். கரு சூடு ஆறுமுன் அதைக் குழியில் நட்டு, 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்த உலோகத்தை விடாத தாரையாக ஊற்றுவார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால் திருமேனி. உடைத்த கரு மறுமுறைக்கு உதவாது. அதனால் ஒன்றுக்கு இரண்டாவது பிரதி கிடையாது. கடைசியில் உளி, அரம், மெருகு.

எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதை மெழுகை எடைபோட்டே அறிவார்கள். செம்புக்கலவை மெழுகைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம். ஊற்றுக்குழாயில் நிற்பதையும் சேர்த்துப் பத்து மடங்கு எடுத்து வைத்தால் நடுவில் குறையாது.

வார்ப்பில் என்னவெல்லாம் தவறிப்போகும்?

கரு குளிர்ந்துவிட்டால் உலோகம் விரல்நுனிக்குப் போவதற்குள் உறைந்துவிடும். சுட்டுவிரல் இல்லாத அபய கரம் கிடைக்கும். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் நீராவி குமுறிப் புரை விழும், சில நேரம் கருவே வெடிக்கும். வெயிலில் அவசரமாக உலர்த்தினால் மண் கீறும். கீறலுக்குள் உலோகம் புகுந்து மேனியெங்கும் வரம்பு கட்டும். தாரை நடுவில் அறுந்தால் இரண்டு முறை ஊற்றிய உலோகம் ஒட்டாமல் கோடாக நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், கனமாக, அதாவது உள்ளே வெற்றிடமின்றி, வார்ப்பது. உள்ளே மண் வைத்துப் பொள்ளலாக வார்த்தால் உலோகம் மிச்சம், சுருக்கமும் குறைவு. கனத் திருமேனியில் தொடை போன்ற தடித்த இடம் மெதுவாக ஆறும், மணிக்கட்டு விரைவில் ஆறும். அந்த வேறுபாட்டில் விரிசல் வரும். அப்படியிருந்தும் கோயில் கல்வெட்டுகள் ‘கனமாக’ வார்த்ததைப் பெருமையாகக் குறிக்கின்றன. வழிபடு திருமேனி உள்ளீடற்று இருக்கக்கூடாது என்பது சமயத்தின் நோக்கு. அத்தனை செம்பையும் கொடுக்க முடிந்தவர் யார் என்று காட்டுவது அரசின் நோக்கு. இரண்டுக்கும் நடுவில் விரிசல் விழாமல் பார்த்துக்கொள்வது சிற்பியின் தலைவலி.

ஐம்பொன்னில் பொன் உண்டா?

பெயருக்கு. பெரும்பகுதி செம்பு. கூடவே ஈயமும் வெள்ளீயமும் அல்லது பித்தளையும். தனிச் செம்பு சரியாக ஓடாது, காற்றை உறிஞ்சிப் புரை விடும். ஈயம் ஓட்டத்துக்கும் உளி இறங்குவதற்கும். பொன்னும் வெள்ளியும் சடங்குக்காகச் சிட்டிகை அளவில் போடுபவை. கல்வெட்டுகள் பெரும்பாலும் ‘செப்புத் திருமேனி’ என்றே நேராகச் சொல்கின்றன. சிலையைத் திருடி உருக்கினால் தங்கம் கிடைக்கும் என்று நம்பியவர்களால் அழிந்தவை உண்டு.

செம்பியன் மாதேவியை எல்லாரும் குறிப்பிடுகிறார்களே, அவர் என்ன மாற்றினார்?

கண்டராதித்த சோழரின் தேவி. கணவர் 957 வாக்கில் மறைந்தபின் 40 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியவர். கோனேரிராசபுரம், விருத்தாசலம், ஆடுதுறை, திருக்கோடிக்காவல் எனப் பட்டியல் நீளும். பெரும்பாலும் தேவாரம் பாடிய தலங்கள். திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். கட்டடம் மாறினாலும் பழைய கொடைகள் செல்லவேண்டும் என்ற கவனம் அது.

அவருடைய கோயில்களில்தான் ஆடவல்லான், அதாவது நடராசர், தென்புறத் தேவகோட்டத்தில் (சுவர் மாடத்தில்) நிலையான இடம் பெறுகிறார். சோழர் தம் குலநாயகமாகக் கொண்ட தில்லைக் கூத்தன் இப்படி ஊர்தோறும் பரவினார். கோனேரிராசபுரத்தில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவதுபோல ஒரு புடைப்புச் சிற்பம் உண்டு, கீழே எழுத்தும் உண்டு. இதை வெறும் பக்தி என்று விட்டுவிட முடியாது. கணவருக்குப் பின் அரியணை அவர் மகனுக்கு வரவில்லை. வேறு கிளைக்குப் போனது. மகன் உத்தம சோழன் அரசேறியது 970 வாக்கில்தான். நடுவில் அந்தக் கிளையின் பெயரை மக்கள் கண்ணில் வைத்திருந்தவை இந்தக் கல் சுவர்கள் என்பது எங்கள் எண்ணம்.

வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்தில் உள்ள ஒரு செப்புத் திருமேனி இவருடைய உருவம் என்று சிலரும், பார்வதிதான் என்று சிலரும் சொல்கிறார்கள். தேவியா அரசியா என்று ஆயிரம் ஆண்டு கழித்தும் பிரிக்க முடியாதபடி வடிக்க முடிந்தது என்பதே போதுமான செய்தி.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சிலைகளைப் பற்றி என்ன சொல்கின்றன?

கலை வரலாற்றில் இப்படியொரு இருப்புப் பதிவேடு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்டான். அக்கன் என்றது குந்தவையை.

66 உலோகத் திருமேனிகள் அதில் பதிவாகியுள்ளன. ஒவ்வொன்றுக்கும் பாதத்திலிருந்து முடிவரை எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை கை, கனமா பொள்ளலா, பீடம் எத்தனை உயரம் என்று எழுதியிருக்கிறது. ஆடவல்லான் என்றால் சடையில் இருக்கும் கங்கையும் காலடியில் கிடக்கும் முயலகனும்கூடக் கணக்கில் வருகிறார்கள். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கே ‘ஆடவல்லான்’ என்று பெயர். முத்துகளை ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து, கறடு என்று தரம் பிரித்து எண்ணி எழுதினார்கள். கறடுமுரடான முத்தைக் கறடு என்றே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மறைக்கவில்லை, தணிக்கைக்கு ஆள் இருந்தது.

இன்னும் கூர்ந்து பார்த்தால் அரசு எங்கே நுழைகிறது என்று தெரியும். குந்தவை தம் தந்தை ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ சுந்தர சோழருக்கும் தாய்க்கும் திருமேனி செய்து வைத்தார். கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான், சம்பந்தர், அப்பர், நம்பியாரூரர் (சுந்தரர்), அவர் மனைவி பரவை நங்கையார் ஆகியோரோடு ராஜராஜனுக்கும் அரசி உலகமாதேவிக்கும் உருவம் வைத்தார். இறைவன், அடியார், அரசன் மூவரும் ஒரே உலோகத்தில், ஒரே அளவையில், ஒரே சுவரில் பதிவாகிறார்கள். ஊரார் கண்ணில் அந்த வரிசை எப்படிப் பதிந்திருக்கும்!

66-இல் இன்று எஞ்சியவை மிகச் சில. ஆடவல்லானும் உமையும் அவற்றுள் அடக்கம்.

திருமேனி வைத்தால் போதுமா? அதற்குப் பிறகான செலவு?

வைப்பது ஒருநாள் செலவு. விளக்கும் அமுதும் என்றென்றைக்கும். ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, வழக்கமான கொடை 96 ஆடு. இடையர் அவற்றை மேய்த்து நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்கு ஈடாகக் குட்டி சேர்த்து எண்ணிக்கையைக் காக்க வேண்டும் என்பதால் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர்.

சிற்பிகளின் பெயர் ஏன் தெரியவில்லை?

வார்த்தவர் பெயர் திருமேனியில் இல்லை என்பது உண்மை. கட்டடத் தச்சர் பெயர் இருக்கிறது: தஞ்சையில் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன், அவருக்குத் துணையாக நித்தவினோதப் பெருந்தச்சன். நித்தவினோதன் என்பதும் ராஜராஜனின் பட்டப்பெயரே. தச்சனுக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அரசன் பெயரைச் சுமப்பது. சொந்தப் பெயர் அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சைவ அரசு பிற சமயக் கலையை நசுக்கவில்லையா?

நாகப்பட்டினம் இதற்கு நேர்மாறான சான்று. சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசின் மன்னர் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் எனப்படுபவை இதைச் சொல்கின்றன. நாகப்பட்டினத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தோண்டக் கிடைத்த பௌத்தத் திருமேனிகள் ஏறக்குறைய 350. தலைமேல் சுடர் எழும் புத்தர்கள். பட்டறைக் கை சோழ நாட்டுக் கை, வாங்கியவர் கடல் கடந்தவர். இதைத் தாராள மனம் என்று மட்டும் பாட வேண்டாம், கடல் வணிகம் துறைமுகத்தில் பேசியது. வணிகம் பகையானதும் 1025-இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் ராஜேந்திரனின் கப்பல்கள் போயின.

போரில் சிலைகளைக் கவர்ந்து வந்தது உண்டா?

உண்டு, எழுதியும் வைத்தார்கள். தாராசுரத்திலிருந்து தஞ்சைக் கலைக்கூடத்துக்கு வந்த ஒரு துவாரபாலகரின் பீடத்தில், விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொண்டுவந்த துவாரபாலகர் என்று தமிழில் வெட்டியிருக்கிறது. கல்யாணபுரம் சாளுக்கியரின் தலைநகர். எறிதல் என்றால் அழித்தல். விஜயராஜேந்திரன் முதலாம் ராஜாதிராஜன். கல் சாளுக்கிய நாட்டுக் கரிய நிறக் கல், செதுக்கு சாளுக்கியச் செதுக்கு. பக்கத்தில் இருக்கும் சோழச் சிற்பங்களோடு ஒட்டவே ஒட்டாது. ஒட்டாமல் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததா?

இல்லை. இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் அரசிலும் மெழுகு வார்ப்புத்தான், அரசன்தான், முன்னோர் பலிபீடம்தான். ஆனால் அங்கே வார்ப்போர் குழு ஓபா என்ற மன்னனுக்காக வேலை செய்தது. அவன் அனுமதியின்றி வார்க்க முடியாது. சோழநாட்டில் அதிகாரி, வணிகர், ஊர்ச்சபை என வசதியுள்ள யாரும் திருமேனி வைக்கலாம். அரசு பட்டறையைப் பூட்டவில்லை, எந்த வடிவம் பெருமைக்குரியது என்று காட்டிவிட்டது. இரண்டாவது வழி நெடுங்காலம் நிற்கிறது. பெனின் அரண்மனையை 1897-இல் பிரிட்டிஷ் படை சூறையாடியபோது அங்கிருந்த வார்ப்புகளில் பெரும்பகுதி ஒரே வீச்சில் போய்விட்டது.

இத்தனை சிலைகள் ஏன் மண்ணுக்குள் கிடைக்கின்றன? கிடைத்தால் என்ன செய்யவேண்டும்?

படையெடுப்பு வரும்போது கோயிலார் தாங்களே புதைத்தார்கள். டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை 1311-இல் தெற்கே வந்தது நன்கு தெரிந்த காலகட்டம். இடம் தெரிந்தவர்கள் இறந்தபின் திருமேனிகள் அங்கேயே தங்கின.

கிடைத்தால் கழுவாதீர்கள், புளி போட்டுத் துலக்காதீர்கள். மேலே படிந்த மண்ணும் பச்சைப் படலமும் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய சிற்பத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

பழையதா போலியா என்று கண்ணால் சொல்ல முடியுமா?

உறுதியாக முடியாது, ஆனால் சந்தேகப்படலாம். வழிபாட்டில் இருந்த திருமேனியில் அபிஷேகமும் துலக்கலும் படும் மூக்கு, மார்பு, முழங்கால் தேய்ந்திருக்கும். அக்குள், சடை இடுக்கு, பீடத்தின் அடி கூர்மையாகவே நிற்கும். போலியில் தேய்மானம் எங்கும் ஒரே சீராக இருக்கும், பச்சையும் பூசியதுபோல. தேய்ந்த கண்ணைப் பிற்காலத்தில் மறுபடி வெட்டியிருந்தால் அதை வைத்துக் காலம் சொல்லக்கூடாது. பொதுவாக 10-ஆம் நூற்றாண்டு மேனி குழைவாகவும், 13-ஆம் நூற்றாண்டை நெருங்க நெருங்க மூக்கும் முழங்கையும் கூர்ந்தும் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து மீண்ட சாமி மறுபடி கோயிலுக்குப் போகிறதா?

எல்லாமே போவதில்லை. பத்தூர் நடராசர் 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு, லண்டன் வரை போனது. வழக்கில் கோயிலையே ஒரு தரப்பாக ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றது. 1991-இல் மேல்முறையீட்டிலும் கோயில் பக்கம் தீர்ப்பாகித் திரும்பி வந்தது. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காவல் இல்லாத சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகளைத் திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள பாதுகாப்பு மையங்களில் வைத்திருக்கிறார்கள். அலமாரி வரிசையில், பதிவு எண்ணோடு. விழா நாளில் ஊரார் கையெழுத்திட்டு எடுத்துப்போய், அபிஷேகம் செய்து, பட்டு சாத்தி, பீடத்துத் துளையில் கழி நுழைத்து வீதிக்குக் கொண்டுவந்துவிட்டு, மறுபடி எண்ணுக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள்.